பட்டினி கிடக்காத பூச்சி

அத்தியாயம் 9

துப்பறியும் தொழிலுக்கு வந்த புதிதில் நான் கற்பனை செய்து வைத்திருந்தது வேறு. கறுப்புக் கண்ணாடி, முன்னால் பறக்கும் ஒரு கார், பின்னால் அதைவிட வேகமாக நான். அன்றைக்கு நான் பின்தொடர்ந்துகொண்டிருந்தது ஒரு மூட்டைப்பூச்சியை. கையையும் காலையும் தரையில் ஊன்றி. சட்டை இல்லாமல்.

“தயாளன், மூச்சை அங்கால விடும்,” என்றார் நிலானி அக்கா, எனக்குப் பக்கத்தில் அதே கோலத்தில் தவழ்ந்தபடி. அவர் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார் என்பதை இங்கேயே தெளிவுபடுத்திவிடுகிறேன்.

“மூச்சு விடாம எப்படிக்கா ஃபாலோ பண்றது?”

“விடும். ஆனா அதின்ர பக்கம் விடாதேயும். நாங்கள் வெளியில விடுற காத்துதான் அதுக்குச் சாப்பாட்டு மணி.”

ஜார்ஜ் டவுனில் என்னை ‘நீர்’ என்று கூப்பிடும் ஒரே ஆள் நிலானி அக்காதான். கிராணி எனப்படும் ரயில்வே குமாஸ்தா வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். மூன்று தலைமுறை பினாங்குக் கடற்காற்றில் ஊறியும் அந்தத் தமிழ் மட்டும் துருப்பிடிக்கவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் ஹோட்டல்காரர்களின் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர், அலுத்துப்போய்ச் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தார். நான் பாயான் பாருவில் ஒரு ஃபேக்டரியில் பழுதான கணினிச் சில்லுகளைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தவன். ஒரு நாள் ஃபேக்டரி என்னைப் பொறுக்கி எறிந்தது. ‘நீர்’ என்று அக்கா அழைக்கும்போதெல்லாம் அரசவைப் புலவன் போல் என் நெஞ்சு நிமிரும். பரிசில்தான் இன்னும் வரவில்லை.

நாங்கள் தவழ்ந்துகொண்டிருந்த இடம், லெபோ பாசார் தெருவில் ‘மகிழம்பூ’ என்ற விடுதியின் ஐந்தாம் எண் அறை. பழைய கடைவீட்டைப் புதுப்பித்துக் கட்டிய விடுதி. முதலாளி சந்திரசேகரன். டத்தோ பட்டத்துக்காக இன்னும் காத்திருப்பவர். அது வரும் வரைக்கும் எல்லாரும் ‘பாஸ்’ என்று அழைத்தால் போதும் என்ற பெருந்தன்மை உள்ளவர்.

காலையில் அவர் எங்களிடம் சொன்னது சுருக்கமாக இருந்தது.

“ஆளு யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க ஒன்னும் கண்டுபிடிக்க வேண்டாம். ப்ரூஃப் மட்டும் கொடுங்க, போதும்.”

ஐந்தாம் அறையில் மூட்டைப்பூச்சி வரும். பூச்சி மருந்துக் கம்பெனி வந்து அடிக்கும். போகும். மறுபடி வரும். அதுவும், தங்கிய ஹோட்டலைப் பற்றி இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதும் பயணி யாராவது அந்த அறைக்கு வரும்போதுதான் வரும். பாஸ் வெறுத்துப்போய் அறையைப் பூட்டிவைத்தார். பல வாரம் பூட்டியே கிடந்தது. இன்று மாலை சிங்கப்பூரிலிருந்து ஒரு பெரிய சுற்றுலாக் குழு வருகிறது என்பதற்காகக் காலையில் திறந்தால், மறுபடியும் பூச்சி.

திறந்தவர் சித்தி ஹாஜரா; ‘சித்தி’ பெயரின் பகுதி, உறவு அல்ல. விடுதி தொடங்கிய நாளிலிருந்து கட்டில் விரிப்பவர். பூச்சியைப் பார்த்து ஓடிவந்து சொன்னதும் அவரேதான். பாஸின் கணக்குப்படி, சொன்னவர்தான் கொண்டுவந்தவர்.

“மகளுக்குப் பிரசவம், நிபோங் திபால் போகணும்னு லீவு கேட்டா. முடியாதுன்னேன். வாய்க்கு வந்ததைப் பேசிட்டுப் போனா. ஒரு வாரம் கழிச்சி இன்னிக்குத்தான் வந்திருக்கா. அந்த எஸ்டேட் வீட்டுலேருந்து பையில அள்ளிட்டு வந்திருக்கா. என்னைப் பழிவாங்க,” என்றார் பாஸ். “சாயங்காலம் குரூப் வந்து நிக்கும்போது, எல்லார் முன்னாலயும் அவ என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். இல்லன்னா போலீஸ் பாலாய்ல ரிப்போர்ட்டு. என் பேரு எல்லார் முன்னாலயும்தானே கெட்டுச்சி?”

சித்தி ஹாஜராவை மாடிப்படியில் பார்த்தோம். ஐம்பது தாண்டிய பெண். தலைத்துணியை வெடுக்கென்று இழுத்துச் சரிசெய்தார்.

“நான் பழிவாங்கணும்னா பூச்சிதானா கெடைச்சிச்சி, தம்பி?” என்றார் என்னிடம். “அவன் பல்லு வெளக்குற பிரஷ்ஷு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

நான் அந்தக் கணமே அவர் குற்றமற்றவர் என்று முடிவு செய்தேன். அன்று வரை பாஸின் பல் நன்றாகத்தான் இருந்தது.

“கட்டில் விரிக்கிறவ பேரு போச்சின்னா, அப்புறம் எந்த ஊட்டுக் கதவு எனக்குத் தொறக்கும், சொல்லு. நான் செய்யலன்னு அவன் வாயால சொல்லணும். அதே எடத்துல. அதே ஆளுங்க முன்னால.”

ஆக, மாலைக்குள் இருவருக்கும் மன்னிப்பு வேண்டும். யாருக்குக் கிடைக்கும் என்பது எங்கள் கையில். அல்லது, அந்த நேரத்து நிலவரப்படி, முழங்காலில்.

*

சட்டை விஷயத்துக்கு வருகிறேன்.

மூட்டைப்பூச்சிக்குக் கண் அவ்வளவாக உதவாது, மூக்குதான் எல்லாம் என்றார் அக்கா. மூக்கு அதன் தலைக் கொம்பில் இருக்கிறது. முதலில் நம் மூச்சு அதை எழுப்பும். பிறகு தோலின் வாசனை பக்கத்தில் இழுக்கும். அழுக்குத் துணி என்றால் ஆள் இல்லாவிட்டாலும் வந்து ஒண்டிக்கொள்ளும். ஆகவே அக்கா ஒரு பாட்டிலில் வெதுவெதுப்பான நீரும் சீனியும் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டும் கலந்து வைத்தார். அது பொங்கி விடும் காற்று, நாம் மூச்சு விடும் காற்றைப் போன்றதே.

“இப்ப மூச்சு ரெடி. ஆள் வேணும். சேட்டைக் கழட்டும்.”

“என்னோடதா?”

“காலமை ஃபெரிக்கு ஓடி வந்தனீர். இதைவிட நல்ல சேட்டு எனக்கு எங்க கிடைக்கும்?”

ஜன்னலைச் சாத்தி, பூச்சிக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது என்பதால் டார்ச்சின் மேல் சந்தையில் தரும் சிவப்பு பிளாஸ்டிக் பையைச் சுற்றி, பாட்டிலையும் என் சட்டையையும் தரை நடுவில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். அறையில் நசுங்கிய கொத்தமல்லி போல ஒரு வாசனை. எனக்கு ரசம் ஞாபகம் வந்தது. அது பூச்சி பயந்தால் விடும் வாசனை என்று அக்கா சொன்ன பிறகு, ரசம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்று தோன்றியது.

மெத்தை மடிப்பிலிருந்து பூச்சிகள் இறங்கின. பாட்டிலைத் தாண்டின. என் சட்டையைத் தாண்டின. ஒன்றுகூட நிற்கவில்லை.

ஃபேக்டரி என்னை வேண்டாம் என்றபோது தாங்கிக்கொண்டேன். இரண்டு முறை பெண் பார்க்கப் போன இடத்தில் வேண்டாம் என்றபோதும் தாங்கிக்கொண்டேன். மூட்டைப்பூச்சியும் வேண்டாம் என்றால் மனிதன் எங்கே போவான்?

“இவ்வளவு நாத்தத்தை எப்படிக்கா தாண்டிப் போகுது?” என்றேன், மனம் நொந்து.

அக்கா ஒரு பூச்சியைத் தாளில் ஏற்றி டார்ச் அருகே கொண்டுவந்தார். உளுந்தை ஊறவைத்தது போல உப்பியிருந்தது. வயிறு சிவப்பாக மின்னியது.

“பட்டினி கிடந்த பூச்சி காய்ஞ்ச சருகு மாதிரித் தட்டையா இருக்கும். இந்த அறை எத்தனை வாரமாப் பூட்டிக் கிடந்தது? ஆள் இல்லாத அறையில இது ஆரைக் குடிச்சது?”

நான் வாயைத் திறந்து, மூச்சு ஞாபகம் வந்து மூடினேன்.

“ரத்தம் இன்னும் சிவப்பு. நேத்தோ முந்தநாளோ குடிச்சது. மெத்தை மடிப்பில கழிச்சு வைச்சிருக்கிறதைப் பாத்தா ராத்திரியே இஞ்ச வந்திட்டுதுகள். அப்ப சித்தி ஹாஜரா அக்கா நிபோங் திபாலில. ஆரோ ஒரு ஆள் இதுகளை எங்கயோ வைச்சு, தன்ர ரத்தத்தைக் குடுத்து வளர்த்து, வயிறு நிரம்பினதும் இஞ்ச கொண்டுவந்து விட்டிருக்கிறார். குரூப் வாற நேரத்துக்குத் திரும்பப் பசிக்கும் எண்டு.”

“சொந்த ரத்தத்தையா?” என் வெற்று முதுகைத் தடவிக்கொண்டேன். “அவ்வளவு கோவமா?”

“அவ்வளவு கோவம்,” என்றார் அக்கா. “பசி அடங்கின பூச்சிக்கு ஆள் வாசம் தேவையில்லை. அதுக்கு வேண்டியது வீட்டு வாசம். அது கழிச்சுப் போட்ட இடம், தோல் உரிச்சுப் போட்ட இடம். இது இப்ப வீட்டுக்குத்தான் போகுது. நாங்களும் போவம்.”

பூச்சியின் முதுகில் ஈர்க்குச்சி முனையால் ஒரு துளி முகப்பவுடர் தொட்டு வைத்து அதை இறக்கிவிட்டார். இப்படித்தான் நாங்கள் தவழத் தொடங்கியது.

பவுடர் போட்ட பூச்சி நிதானமாக நடந்தது. கட்டில் காலைச் சுற்றியது. என் சட்டையை மறுபடி ஒருமுறை அவமதித்தது. ஜன்னலுக்குக் கீழே சுவரோடு ஒட்டியிருந்த மரப்பலகையின் இடுக்குக்குள் நுழைந்து மறைந்தது. அக்கா பேனாக்கத்தியால் பலகையை நெம்பினார். அது ஆணியில்லாமல் வெறுமனே சாத்தியிருந்தது.

உள்ளே ஒரு துணி. நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பழைய மெத்தைத் துணி. மடிப்பெல்லாம் கறுப்புப் புள்ளிகள், உரித்த தோல்கள், பூச்சிகள். அதன் ஒரு பக்கம் கருகியிருந்தது. தீயில் கருகியது.

அக்கா துணியை நெகிழிப் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டினார். சில பூச்சிகளை ஒரு ஜாம் போத்தலில் தனியாக எடுத்துக்கொண்டார். நான் சட்டையை உதறோ உதறு என்று உதறி மாட்டிக்கொண்டேன்.

*

“எரிஞ்ச மெத்தையா?” பாஸ் தன் அறையில் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டே சிரித்தார். “இங்க எரிஞ்சது ஒரே ஒரு மெத்தைதான். நான்தான் எரிச்சேன்.”

பெருமையாகத்தான் சொன்னார். கடைவீட்டை வாங்கியபோது மாடியில் வெல்ட் கீ துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்ந்த கிழவர்கள் சிலர் வாடகைக்கு இருந்தார்களாம். மற்றவர்கள் போய்விட்டார்கள். ஐந்தாம் அறைக் கிழவர் மட்டும், ஒப்பந்தப்படி இன்னும் அவகாசம் இருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாராம்.

“நான் என்னா பண்ணேன், அவன் மெத்தையத் தூக்கி வாசல் நடைபாதை அஞ்சடியில போட்டேன். ‘மூட்டைப்பூச்சி, மூட்டைப்பூச்சி’ன்னு கத்துனேன். தெருவே கூடிருச்சி. நெருப்பு வெச்சேன். கெழவன் அன்னிக்கே போய்ட்டான். சிம்பிள்லா.”

“பூச்சி இருந்ததோ?” என்று கேட்டார் அக்கா.

“யாருக்குத் தெரியும்?”

“அவர் பேர்?”

பாஸ் கொஞ்சம் யோசித்தார். “என்னமோ ஒரு பேரு. துறைமுகத்துக் கெழவன்.”

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் சொன்னவர்களை எப்படிப் பார்த்தாரோ எனக்குத் தெரியாது. ஆனால் உண்மை சொன்ன ஒருவரை அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

*

பேர் தெரிந்த ஆள் எதிர்ச்சாரியில் பூக்கடை வைத்திருந்தார். புஷ்பவள்ளி அக்கா. நிலானி அக்கா என்னை அனுப்பினார்; பெண்களிடம் பேச்சு வாங்குவது என் தனித்திறமை என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

“மகிழம்பூவுலேருந்து வரியா?” கை மல்லிகையைத் தொடுத்துக்கொண்டிருந்தது. “பூ இல்ல. போ.”

“பூ வேணாங்க்கா. அந்த மெத்தை எரிச்ச கதை…”

கை நின்றது.

“சடையப்பண்ணன் கதையா?” என்றார். “அவரு மெத்தையில பூச்சியா? ஞாயித்துக்கெழமை தவறாம அந்த மெத்தைய மொட்டை மாடியில காயப்போட்டு, கம்பால தட்டிட்டுத்தான் கோயிலுக்கே போவாரு. நாங்க சிரிப்போம், அண்ணே மெத்தைக்கு என்ன கல்யாணமான்னு. அவரத் தெருவுல நிக்கவெச்சி, பூச்சிப் புடிச்சவன்னு ஊரக் கூட்டி… அன்னையிலேர்ந்து அந்த ஹோட்டலுக்கு ஒரு முழம் பூ கொடுக்கறதில்ல நான். போய்ப் பாரு, சாமி படத்துக்கு பிளாஸ்டிக் மாலைதான் தொங்குது.”

“அவருக்குச் சொந்தக்காரங்க யாராச்சும்?”

“ஒரு மகன் இருந்தான். எங்கயோ படிச்சிட்டிருந்தான். சேதி கேட்டு ஓடியாந்தான் பாரு, செருப்புகூட இல்ல. வெறுங்கால்லயே நெருப்ப மிதிச்சி அணைச்சான். ஒரு துண்டுதான் மிஞ்சிச்சி. அத சுருட்டி எடுத்துக்கிட்டு, அப்பனத் தோள்ல கைபோட்டுக் கூட்டிட்டுப் போனான். முகம்கூட ஞாபகமில்ல. அந்தக் கால மட்டும்தான் ஞாபகமிருக்கு.”

நான் தெருவைக் குறுக்கே கடந்து ஓடினேன். ஒரு மோட்டார் சைக்கிள்காரர் என் பரம்பரையைப் பற்றி ஹொக்கியன் சீனத்தில் சொன்னதைக்கூட நின்று கேட்கவில்லை.

“அக்கா, மகன்தான். கால்ல தீக்காயத் தழும்பு இருக்கும். எல்லாரையும் சப்பாத்தைக் கழட்டச் சொல்லுவோம்.”

“நீர் முதல்ல மூச்சு வாங்கும்,” என்றார் அக்கா. “காலைப் பாக்கிறதுக்கு முதல் கையைப் பாப்பம்.”

*

விடுதியின் வரவேற்பு மேசை வாசலுக்குப் பக்கத்தில். மதிய வெயில் கதவு வழியாக மேசையில் பாதி வரை விழுந்திருந்தது. அக்கா ஜாம் போத்தலை, மூடிக்குப் பதில் வலைத்துணி கட்டி, சரியாக வெயில் விழும் இடத்தில் வைத்தார்.

“இதைக் கொஞ்சம் எல்லாரும் பாருங்கோ. இது எங்கயாவது முதல் கண்டனீங்களோ?”

பாஸ் எட்டிப் பார்த்து, வேட்டியில் தீப்பிடித்தவர் போலப் பின்னால் குதித்தார். அவர் அணிந்திருந்தது கால்சட்டை. சித்தி ஹாஜரா தலைத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு, “இதுதான். இதே சனியன்தான்,” என்றார். அக்காவும் நானும் ஓரமாக நகர்ந்து நின்றோம். பாஸ், மாலையில் யார் எங்கே நிற்க வேண்டும், மன்னிப்பை எந்த மொழியில் கேட்க வேண்டும் என்று விளக்கத் தொடங்கினார்.

மேசைக்குப் பின்னால் சிவநேசன் இருந்தார். வரவேற்பாளர். முப்பதைத் தாண்டியவர்; எப்போதும் முழுக்கை பாத்திக் சட்டை, எப்போதும் புன்னகை. நான்கு மொழியில் வணக்கம் சொல்பவர். இரண்டு வருடமாக அந்த விடுதியில் அவரைப் பற்றி ஒரே ஒரு குறைகூட வந்ததில்லையாம். அன்று அவர் பாஸின் பேச்சுக்குத் தலையாட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், ஒரு விரலால் போத்தலை மெல்லத் தள்ளினார். வெயிலிலிருந்து நிழலுக்கு.

அக்கா என் காலை மிதித்தார். நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்து, வலியில் மறந்துபோனேன்.

*

கடைவீடுகளின் நடுவே வானம் தெரியும் ஒரு சிறிய முற்றம் உண்டு. அங்கே அக்கா அவரை அழைத்துப்போனார். நானும் போனேன்.

“கொல்ல வேண்டிய பூச்சியை ஆர் தம்பி நிழலுக்கு நகர்த்துவார்?” என்று கேட்டார் அக்கா. “வெயில்ல நிண்டா அது செத்துப்போம் எண்டு, வளர்த்த கைக்குத்தான் பதறும். சேட்டுக் கையை மடியுங்கோ.”

சிவநேசன் மறுக்கவில்லை. புன்னகை அப்படியே இருந்தது. யாரோ அதை எடுத்துவைக்க மறந்துவிட்டதைப் போல. பாத்திக் சட்டையின் கையை மெதுவாக மேலே சுருட்டினார். முன்கையின் உட்பக்கம் முழுவதும் வட்டங்கள். போத்தல் வாயின் அளவு. புதியது சிவப்பாக, பழையது கறுப்பாக, ஒன்றன் மேல் ஒன்றாக.

எனக்கு ஒரு நகைச்சுவையும் தோன்றவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

“எங்கப்பா மெத்தையில ஒரு பூச்சி இருந்ததில்லக்கா,” என்றார். “ஃப்ளாட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். புது மெத்தை போட்டேன். ஏறிப் படுக்கல. சிமெண்டுத் தரையில படுப்பாரு. சட்டைத் தையலப் பிரிச்சிப் பிரிச்சிப் பாப்பாரு. எம் மக பொறந்தா. தூக்க மாட்டேன்னுட்டாரு. ‘எம் மேல இருக்குடா, புள்ளைக்கு ஏறிடும்’னாரு. கடைசி வரைக்கும் தூக்கலக்கா.”

மேலே சதுர வானத்தில் புறா ஒன்று வந்து உட்கார்ந்து, எங்களைப் பார்த்து, போய்விட்டது.

“இல்லாத பூச்சிக்காக அவரு எரிச்சாரு. நான் அத உண்மையாக்கினேன். இந்த ஹோட்டல் பேரச் சொன்னா ஆளுங்களுக்கு ஒடம்பு அரிக்கணும். எங்கப்பாவுக்கு அரிச்ச மாதிரி. கடைசிக் கதவு சாத்துற வரைக்கும் விடறதில்லன்னு வெச்சிருந்தேன்.”

“அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள கணக்கு,” என்றார் அக்கா. “சித்தி ஹாஜரா அக்கா அதில எங்க வாறா?”

சிவநேசனின் புன்னகை அப்போதுதான் போனது.

“அக்கா மேல திரும்பும்னு நெனைக்கல. சத்தியமா. பூச்சி தானா வந்துச்சின்னு நெனைப்பாருன்னுதான்…”

“அவவில திரும்பினது காலமை. நீங்கள் மேசையில நிண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தனீங்கள். இப்ப மத்தியானம் தாண்டிட்டுது.” அக்காவின் குரல் உயரவே இல்லை. “ஒரு பூச்சிகூட ஆளை மோந்து பாத்துட்டுத்தான் கடிக்குது, தம்பி.”

சிவநேசன் சட்டைக் கையை இறக்கிவிடப் போனார். பாதியில் நிறுத்தினார்.

“என்னை வேலைக்கு வைச்சவர் உங்கட முதலாளி. ஆள் ஆரெண்டு நான் அவருக்குச் சொல்லத்தான் வேணும்,” என்றார் அக்கா. “குரூப் வந்த உடனை மாடியில இருந்து இறங்கி வந்து சொல்லுவன். ஆனா நான் மெதுவாத்தான் இறங்குவன். எனக்கு முழங்கால் நோவு.”

காலையில் தரை முழுதும் என்னைவிட வேகமாகத் தவழ்ந்த முழங்கால் அது. நான் காலை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். என் காலில் இன்னும் மிதி வாங்க இடம் இருந்தது.

*

சுற்றுலாக் குழு வந்து இறங்கியது. கூடம் நிறையப் பெட்டிகள், தொப்பிகள், விசிறிகள், கழிப்பறை எங்கே என்று கேட்கும் ஒரு பெரியவர். பாஸ் புதுச் சட்டை மாற்றியிருந்தார். கூடத்தின் நடுவில் சித்தி ஹாஜராவை நிற்கவைத்தார்.

“லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்,” என்று கை தட்டினார். “எங்க ஹோட்டலோட பேரைக் கெடுத்தவங்க இப்ப உங்க முன்னாலயே உண்மையச் சொல்லப் போறாங்க.”

சித்தி ஹாஜரா பல்லைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்து நின்றார். மாடிப்படியில் நிலானி அக்கா ஒரு படி இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுத்தார்.

மேசைக்குப் பின்னாலிருந்து சிவநேசன் வெளியே வந்தார்.

“நான் சொல்றேன், பாஸ்.”

“நீ எதுக்குடா?”

சிவநேசன் சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டினார். முன்வரிசையில் நின்ற பெண்மணி வாயில் கைவைத்தார்.

“என் முழுப் பேரு சிவநேசன் அனாக் லெலாக்கி சடையப்பன். சடையப்பன் மகன். வேலைக்குச் சேத்தப்ப அந்தப் பேருக்குக் கீழதான் நீங்க கையெழுத்துப் போட்டீங்க. மலேசியாவுல எந்தத் தமிழன் பேரச் சொன்னாலும் அப்பன் பேரும் சேந்துதான் வரும், பாஸ். ஒளிக்க முடியாது. நானும் ஒளிக்கல. இதோட ரெண்டு வருஷம், நீங்களா கண்டுபிடிப்பீங்கன்னு தினமும் பயந்துட்டே வந்தேன்.”

“எந்தச் சடையப்பன்?” என்றார் பாஸ். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

“அஞ்சாம் நம்பரு ரூம்பு.”

பாஸின் முகத்தில் அந்த அறை மெல்லத் திறந்தது.

சிவநேசன் குழுவின் பக்கம் திரும்பினார். தொழில்முறை வரவேற்பாளர் அல்லவா. தெளிவான ஆங்கிலத்தில், பணிவோடு சொன்னார்: இந்த விடுதியின் முதலாளி, குடியிருந்த ஒரு முதியவரை விரட்டுவதற்காக, அவர் படுக்கையில் பூச்சி என்று பொய் சொல்லி தெருவாசலில் எரித்தார். அந்த முதியவர் என் தந்தை. அந்தப் பொய்யை உண்மையாக்குவதற்காக, என் கையில் ரத்தம் கொடுத்து வளர்த்த மூட்டைப்பூச்சிகளை நான் இங்கே கொண்டுவந்து விட்டேன். இந்த அம்மாவுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. பிறகு அதையே மலாயில் சொன்னார். பிறகு மாண்டரினில். ஒரு மொழியில்கூட அவசரப்படவில்லை. சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று மூன்றிலும் முடித்தார்.

மாண்டரின் முடிவதற்குள் ஒவ்வொரு பெட்டியும் தரையிலிருந்து கைக்கு ஏறியிருந்தது.

“எந்தெந்த ரூம்புடா?” பாஸ் கிட்டத்தட்ட கெஞ்சினார். “எங்கெங்க விட்ட?”

சிவநேசன் சட்டைக் கையை நிதானமாக இறக்கிவிட்டார். ஐந்தாம் அறையைத் தவிர வேறு எங்கும் அவர் விடவில்லை என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்த நேரத்தில் அதைச் சொல்ல அவருக்கு ஒரு அவசியமும் இருக்கவில்லை. குழு வாசலை நோக்கித் திரும்பியது. அஞ்சடி ஓடுகளின் மேல் பெட்டிச் சக்கரங்கள் கடகடவென்று உருண்டு போன சத்தம் வெகு நேரம் கேட்டது.

“போலீஸக் கூப்புடு,” என்றார் பாஸ் என்னிடம்.

“நான் முன்னமே கூப்பிட்டிட்டன்,” என்றார் நிலானி அக்கா, கடைசிப் படியில் கால்வைத்து. முழங்கால் குணமாகியிருந்தது. “ஆள் சிவநேசன். அதுதான் நீங்கள் என்னட்டக் கேட்டது. ஏன் செய்தவர் எண்டும் அவையள் கேப்பினம். நான் சொல்லுவன். எதிர்க்கடையில சாட்சியும் இருக்குது.”

சிவநேசன் விருந்தாளிகள் உட்காரும் சோபாவில், முதன்முறையாக, உட்கார்ந்தார். என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணே. அந்தத் துணி. கேஸ் முடிஞ்சதும் திருப்பிக் கொடுப்பாங்களா?”

தெரியாது என்பதுதான் உண்மை. “நான் கேட்டு வாங்கித் தரேன்,” என்றேன். திரும்பிக்கொண்டு, ஏதோ தூசி விழுந்ததைப் போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பாஸ் சட்டைக் கழுத்தைத் தளர்த்திக்கொண்டு சித்தி ஹாஜராவைப் பார்த்தார்.

“சரி, சரி. நீ இல்ல. போ, போய் வேலையப் பாரு.”

சித்தி ஹாஜரா நகரவில்லை. காலி கூடத்தின் நடுவில், அவர் நிற்கவைத்த அதே இடத்தில் நின்றார்.

“எல்லார் முன்னாலயும்னு சொன்னீங்க, பாஸ்.”

“அதான் எல்லாரும் போய்ட்டாங்களே.”

“நான் இருக்கேன்.”

பாஸ் எங்களைப் பார்த்தார். நிலானி அக்கா நிதானமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். எங்களுக்கு வேறு வேலை இல்லை.

பாஸ் தரையைப் பார்த்து எதையோ முணுமுணுத்தார்.

“கேக்கல, பாஸ்,” என்றார் சித்தி ஹாஜரா.

மறுபடி சொன்னார். இந்தமுறை மன்னிப்பு என்ற சொல் காதில் விழுந்தது.

“வெளிய போனவங்களுக்கும் கேக்கணும், பாஸ். அவங்க முன்னாலதானே என்ன நிக்கவெச்சீங்க.”

அவரே நடந்து போய், வாசல் கதவுகள் இரண்டையும் முழுதாகத் திறந்துவைத்தார். மறுபடி நடுக்கூடத்துக்கு வந்து நின்றார். பாஸ் மூன்றாவது முறை சொன்னபோது, லெபோ பாசாரில் போய்க்கொண்டிருந்த ஒரு ட்ரைஷாக்காரர் பெடலை நிறுத்தி, காலை ஊன்றி, உள்ளே எட்டிப் பார்த்தார்.